கொழுப்பு, சூடு, அதிகாரம்: உடலை எரிக்கும் மருந்துகள் குறித்து

1

தமிழில் 'கொழுப்பு' என்கிற சொல் உடம்புக்குள் இருக்கும் ஒரு பொருளை மட்டும் குறிப்பதில்லை. கூலியைக் கூட்டிக் கேட்டவனுக்குக் கொழுப்பு. எதிர்த்துப் பேசிய மருமகளுக்குக் கொழுப்பு. 'சோத்துக் கொழுப்பு', 'கொழுப்பெடுத்து அலையறான்', 'அவன் கொழுப்ப அடக்கணும்' - இவை பெரும்பாலும் மேலே இருப்பவர் கீழே இருப்பவரைப் பார்த்துச் சொல்பவை. மிராசுதாரின் தொந்திக்கு இந்தச் சொல் போனதில்லை. அது செழிப்பு, களை, 'நல்லா இருக்காரு'. எந்த உடம்பில் எவ்வளவு கொழுப்பு இருக்கலாம், அதைக் கரைக்கும் உரிமை யாருக்கு என்பதெல்லாம் நவீன மருத்துவம் வருவதற்கு முன்பே நம் மொழிக்குள் தீர்மானமாகிவிட்டிருந்தது.

நான் இங்கே எழுதப் போவது கொழுப்பைக் கரைப்பதாகச் சொல்லும் ஒரு குறிப்பிட்ட வகை மருந்துகளைப் பற்றி. பசியைக் குறைக்கும் மருந்துகள் வேறு. குடலில் கொழுப்பு உறிஞ்சப்படாமல் தடுக்கும் மருந்துகள் வேறு. இவை மூன்றாவது வகை. சாப்பிடுவதைச் சாப்பிடு, உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திரு, உன் உடம்பு தானாக அதிகம் எரித்துக்கொள்ளும் என்பது இவற்றின் வாக்குறுதி. வளர்சிதை மாற்றத்தின் வேகத்தைக் கூட்டி எடை ஏறாமல் தடுப்பவை. இவற்றின் வரலாற்றை வாசிக்கும்போது ஒரு விஷயம் திரும்பத் திரும்ப எதிர்ப்படுகிறது. தொழிலாளியின் உடம்பில் விஷம் என்று பதிவான அதே சூடு, வாங்கும் சக்தி உள்ளவரின் உடம்பில் மருந்து என்று பெயர் மாற்றிக்கொள்கிறது. இந்தப் பெயர் மாற்றம் எப்படி நடந்தது என்பதே என் அக்கறை.

நான் இருப்பது திருப்புட்குழியில். காஞ்சிபுரத்திலிருந்து பெங்களூர் சாலையில் போனால் பாலுசெட்டி சத்திரத்தை ஒட்டி வரும் ஊர். 'புள்' என்றால் பறவை. ஜடாயுவை ராமன் எரியூட்டிய குழி இது என்பது தலபுராணம். இதே கோயிலில் இன்னொரு வழக்கமும் உண்டு. பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் வறுத்த பயறை நனைத்து மடியில் கட்டிக்கொண்டு இரவு படுப்பார்கள். காலையில் முளை விட்டிருந்தால் பிள்ளை உண்டு என்பார்கள். ஒரு சூடு உடலைச் சாம்பலாக்குகிறது. இன்னொரு சூடு வறுத்த விதையைக்கூட முளைக்க வைக்கிறது. நம்பிக்கை ஒருபக்கம் இருக்கட்டும். உடம்பின் சூடு என்பது ஒற்றைப் பொருள் கொண்டதல்ல என்று இந்த ஊருக்குத் தெரிந்திருக்கிறது. நவீன உடலியல் அதை ஒரே எண்ணாக்கியது.

2

அந்த எண்ணின் கதை 18ஆம் நூற்றாண்டு பிரான்சில் தொடங்குகிறது. லவாய்சியரும் லாப்லாஸும் 1780களின் தொடக்கத்தில் ஒரு கினிப் பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த கலத்துக்குள் வைத்து, எவ்வளவு பனி உருகுகிறது என்று அளந்தார்கள். மூச்சு விடுவது என்பது மெதுவாக நடக்கும் எரிதல் என்று அதிலிருந்து முடிவுக்கு வந்தார்கள். பெரிய கண்டுபிடிப்புதான், மறுப்பதற்கில்லை. ஆனால் இதற்குப் பிறகு உடல் ஓர் அடுப்பாக, கொஞ்ச காலத்தில் ஒரு நீராவி எந்திரமாக வாசிக்கப்பட்டது. எந்திரம் என்று வந்துவிட்டால் அடுத்த கேள்வி முதலாளியுடையது: எவ்வளவு கரி போட்டால் எவ்வளவு வேலை வரும்?

இந்தக் கேள்வி நம் மண்ணில் எப்படி இறங்கியது என்பதற்கு 1877ஐப் பார்க்கலாம். சென்னை மாகாணம் முழுக்கப் பஞ்சம். வைஸ்ராய் லிட்டன் அனுப்பி வைத்த ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலையில் மண் சுமந்தவர்களுக்குக் கொடுக்கும் தானியத்தை நாளொன்றுக்கு ஒரு பவுண்டாக - கிட்டத்தட்ட 450 கிராம் - குறைத்தார். மேலே கொஞ்சம் சில்லறை. ஓர் ஆள் இதை வைத்துக்கொண்டு உழைக்க முடியுமா என்பது ஒரு 'பரிசோதனை'யாகவே பேசப்பட்டது. மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ், இந்த அளவில் உடம்பு தன்னையே தின்னத் தொடங்கும் என்று எதிர்த்தார். டெம்பிள் கூலி என்று வரலாற்றில் பெயர் வாங்கிவிட்ட அந்த ஒரு பவுண்டு, உடலைச் சூட்டுக் கணக்காகப் பார்க்கும் பார்வை கீழ்நோக்கித் திரும்பினால் எப்படி இருக்கும் என்பதற்குச் சாட்சி.

குறைத்துப் போட்டு எவ்வளவு நாள் எரியும் என்று பார்ப்பது ஒரு பரிசோதனை. நிறையப் போட்டு அதை எப்படி வீணாக எரிப்பது என்று பார்ப்பது இன்னொன்று. இரண்டும் ஒரே அறிவுக் களத்தின் இரண்டு முனைகள்.

3

இரண்டுக்கும் நடுவில் சென்னையில் ஓர் ஆய்வு நடந்தது. பெண்கள் கிறித்துவக் கல்லூரியில் பணியாற்றிய எலினோர் மேசன், பாஸ்டனில் இருந்த கார்னகி ஊட்டச்சத்து ஆய்வகத்தின் பிரான்சிஸ் பெனடிக்ட்டுடன் சேர்ந்து, தென்னிந்தியப் பெண்களின் அடிப்படை வளர்சிதை மாற்றத்தை அளந்து 1931இல் வெளியிட்டார். காலையில் வெறும் வயிற்றோடு, அசையாமல் படுத்திருக்கும்போது ஒருவர் எவ்வளவு ஆக்சிஜன் செலவழிக்கிறார் என்று பார்ப்பதுதான் முறை. அதிலிருந்து, சும்மா உயிரோடு இருப்பதற்கே உடம்பு எவ்வளவு எரிக்கிறது என்று கணக்கிடுவார்கள். சென்னைப் பெண்களின் அளவு அமெரிக்க அளவுகோலைவிடத் தெளிவாகக் குறைவாக இருந்தது.

'குறைவு' என்ற சொல்லைக் கவனியுங்கள். எதைவிடக் குறைவு? அமெரிக்கப் பெண்ணின் உடல் இங்கே இயல்பாக நிறுத்தப்படுகிறது. நம் பெண்ணின் உடல் அதிலிருந்து விலகியதாகிறது. இனமா, வெயிலா, சாப்பாடா, தசை அளவா என்று பல பத்தாண்டுகள் விவாதம் ஓடியது. 1998இல் பெங்களூர் - ஆஸ்திரேலியத் தரவுகளை வைத்து சோரஸ், ஷெட்டி முதலியோர் வெளியிட்ட ஆய்வு, உடம்பில் உள்ள தசை முதலிய கொழுப்பல்லாத நிறையைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் இன வேறுபாடு என்று சொல்ல ஆதாரம் இல்லை என்றது. அதாவது 'மந்தமான இந்திய உடல்' என்று ஒன்று இல்லை. சின்ன உடம்பு, தசை குறைந்த உடம்பு, குறைவாகச் சாப்பிட்டு வளர்ந்த உடம்பு குறைவாக எரிக்கிறது; அவ்வளவே. தலைமுறைகளின் வறுமை எழுதிய கணக்கை இயற்கை எழுதியதாகப் படித்துக்கொண்டிருந்தோம்.

இன்று உடற்பயிற்சிக் கூடங்களிலும் விளம்பரங்களிலும் 'உங்க மெட்டபாலிசம் ஸ்லோ' என்று ஒரு வாக்கியம் சர்வசாதாரணமாகப் புழங்குகிறது. கேட்பவர் அதைத் தன் குற்றமாக ஏற்றுக்கொள்கிறார். மருந்து விற்பனை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

4

இனி அந்த மருந்து. அதன் கதை பட்டிலிருந்து புறப்படுகிறது என்பது காஞ்சிபுரத்துக்காரனான எனக்கு முக்கியம்.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சின் பட்டு நகரமான லியோனில், பிக்ரிக் அமிலத்தைக் கொண்டு பட்டுக்கு மஞ்சள் ஏற்றினார்கள். செயற்கைச் சாயங்களில் மிக முந்தியது அது. பட்டு நூலில் நேராகவே பிடித்துக்கொள்ளும். பிறகு அதே பொருள் வெடிக்கும் என்று தெரிந்ததும் பீரங்கிக் குண்டுக்குள் போயிற்று. பீனால் வளையத்தில் மூன்று நைட்ரோ தொகுதிகள் இருந்தால் பிக்ரிக் அமிலம். இரண்டு இருந்தால் டைநைட்ரோபீனால். முதல் உலகப் போரில் பிரெஞ்சு வெடிமருந்து ஆலைகளில் இரண்டையும் கலந்து குண்டுகளில் ஊற்றினார்கள்.

ஆலைத் தொழிலாளர்களுக்கு வியர்த்துக் கொட்டியது. காய்ச்சல் இல்லாமலேயே உடம்பு கொதித்தது. மெலிந்தார்கள். சிலர் வேலை முடிந்து வீடு போய்ச் சில மணி நேரத்துக்குள் செத்தார்கள். தூசியாக மூச்சிலும் தோல் வழியாகவும் உள்ளே போகும் பொருள் அது. வெயில் காலத்தில் ஆபத்து அதிகம். தொழிலாளர்களின் சிறுநீரைப் பரிசோதித்து, யாருக்கு ஏறியிருக்கிறது என்று கண்டுபிடிக்கும் முறைகள்கூட அப்போதே வந்தன. 1919இலேயே இவை அமெரிக்கப் பொதுச் சுகாதார இதழில் அச்சேறிவிட்டன. அறியாமல் நடந்தது என்று பிறகு யாரும் சொல்லிக்கொள்ள வழியில்லை.

1933இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டில் மாரிஸ் டெயின்டர், வின்ட்சர் கட்டிங் ஆகிய மருந்தியலாளர்கள் இந்தப் பொருளைக் குண்டானவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அடிப்படை எரிப்பு கால் பங்கு முதல் பாதி வரை ஏறியது. வாரத்துக்கு அரைக் கிலோவுக்குமேல் எடை இறங்கியது. சாப்பாட்டைக் குறைக்க வேண்டியதில்லை. செய்தி பரவியது. 1934இல் டெயின்டரே போட்ட கணக்கின்படி, அந்த ஒரு மருத்துவமனை வட்டாரத்திலிருந்து மட்டும் 12 லட்சம் மாத்திரைகள் போயிருந்தன. அமெரிக்காவில் குறைந்தது ஒரு லட்சம் பேர் சாப்பிட்டிருந்தார்கள். சீட்டு இல்லாமலே கடையில் கிடைத்தது.

1935 முதல் கண்ணில் புரை விழத் தொடங்கியது. அதிகமும் இளம்பெண்கள். வயதானவர்களுக்கு வரவேண்டியது இவர்களுக்குச் சில மாதங்களில் வந்தது. கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட்டவர்கள் சூட்டிலேயே இறந்தார்கள். 1938இல் அமெரிக்காவில் புதிய உணவு - மருந்துச் சட்டம் வந்தபின், மனிதர் உட்கொள்ளத் தகாத பொருள் என்று இது ஒதுக்கப்பட்டது.

இந்த இருபது ஆண்டுகளை ஒன்றாக வைத்துப் பாருங்கள். 1918இல் மெலிந்த தொழிலாளியின் பெயர் 'பாதிக்கப்பட்டவர்'. 1933இல் மெலிந்த சீமாட்டியின் பெயர் 'பயனடைந்தவர்'. உடம்புக்குள் நடந்த வேதியியல் ஒன்றுதான். தொழிலாளியின் உடல் ஒரு சோதனைச் சாலையாக இருந்து, அதில் கிடைத்த தகவலில் 'எடை குறைகிறது' என்பது மட்டும் மேலே எடுத்துக்கொள்ளப்பட்டது; 'சாகிறார்கள்' என்பது ஆலை வாசலிலேயே விடப்பட்டது. அறிவு உற்பத்தியில் வர்க்கம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடத் துலக்கமான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

5

உடம்புக்குள் என்னதான் நடக்கிறது? இதை எங்கள் தெருவில் குழித்தறி நெய்யும் பெரியவர் ஒருவரிடமும் அவர் பேரனிடமும் நான் விளக்க வேண்டி வந்தது. பேரன் சாலையோர ஜிம் ஒன்றுக்குப் போகிறான். 'ஃபேட் பர்னர்' என்று அச்சிட்ட டப்பா ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான்.

"அண்ணா, இத சாப்ட்டா கொழுப்பு எரிஞ்சிடுமாமே, நிஜமாவா?"

பெரியவர் மிதிப்பலகையிலிருந்து காலை எடுக்காமலே சொன்னார்: "எரியுதுன்னா எங்கடா எரியுது? உடம்பு இன்னா அடுப்பா?"

நான் அவருக்குத் தெரிந்த ஏரியை வைத்துச் சொன்னேன். நம் உயிரணுக்களுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்று நுண்ணிய பைகள் இருக்கின்றன. சாப்பிட்டது அங்கேதான் கடைசியாக எரிகிறது. அந்த எரிதலின் பலத்தில் புரோட்டான்கள் ஓர் உட்சவ்வுக்கு அப்பால் இறைத்துத் தேக்கப்படுகின்றன. கரை கட்டி ஏரியில் தண்ணீரை நிறுத்துவது மாதிரி. தேங்கிய புரோட்டான்கள் திரும்ப இறங்க ஒரே மதகுதான். அந்த மதகில் ஒரு சக்கரம் சுழல்கிறது. நிஜமாகவே சுழலும் மூலக்கூறு அது. சக்கரம் சுற்றச் சுற்ற ஏடிபி என்கிற பொருள் உண்டாகிறது. கை அசைவதும் இதயம் துடிப்பதும் நாடா வீசுவதும் அந்த ஏடிபியால்தான். புரோட்டான் தேக்கம் என்கிற கருத்தை 1961இல் முன்வைத்த பீட்டர் மிட்செலுக்கு 1978இல் நோபல் பரிசு கிடைத்தது.

டைநைட்ரோபீனால் இந்த ஏரியில் என்ன செய்கிறது? புரோட்டானைத் தன்மேல் ஏற்றிக்கொண்டு மதகு பக்கமே போகாமல் சவ்வின் வழியாக இந்தப் பக்கம் நழுவுகிறது. இறக்கிவிட்டு மறுபடி போகிறது.

"அட, நண்டு வளை!" என்றார் பெரியவர். "கரைல நண்டு வளை உழுந்தா அப்டித்தான் தம்பி. மதகுல தண்ணி வராது, ஏரியும் நிக்காது. எவ்ளோ மழ பேஞ்சாலும் பத்தாது."

இதைவிட நன்றாக என்னால் சொல்லியிருக்க முடியாது. கரை கசிவதால் தேக்கம் இறங்குகிறது. அதை நிரப்ப உடம்பு இன்னும் வேகமாக எரிக்கிறது. எரித்ததெல்லாம் வேலையாக மாறாமல் வெறும் சூடாகப் போகிறது. எடை குறைவதும் இதனால்தான்; சாவதும் இதனால்தான். மூளை வெப்பநிலையை உயர்த்தி வருவது காய்ச்சல். இந்தச் சூடோ ஒவ்வொரு உயிரணுவிலும் தனித்தனியாகப் பிறக்கிறது. ஆகவே காய்ச்சல் மாத்திரை கேட்காது. முறிமருந்து இல்லை. மருத்துவமனையில் உடம்பைக் குளிர வைத்துக் காத்திருப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. பயன் தரும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் நடுவில் உள்ள இடைவெளி மிகச் சிறியது. அக்கினி நட்சத்திர வெயிலில் அது இன்னும் சுருங்கும்.

இந்தக் கசிவை லூமிஸும் லிப்மனும் ஆய்வுக்கூடத்தில் காட்டியது 1948இல். மருந்து விற்றது 1933இல். எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமலேயே ஒரு லட்சம் பேரின் கரையில் வளை தோண்டியிருக்கிறார்கள்.

6

ஒதுக்கப்பட்ட பொருள் ஒழியவில்லை. சாயத் தொழிலில் சல்ஃபர் பிளாக் என்ற கறுப்புச் சாயத்துக்கு இதுவே மூலப்பொருள். பருத்தித் துணிக்கு அதிகம் பயன்படும் கறுப்பு அது. ஆகவே ஆலைகளில் தொடர்ந்து தயாராகிறது. அங்கிருந்து அது உடற்கட்டு மோகத்துக்குள் கள்ளத்தனமாக நுழைந்தது. பிரிட்டனில் மாணவர்கள், இளைஞர்கள் எனப் பலர் இறந்தபின், 2023 அக்டோபரில் அங்கே இதைக் கட்டுப்படுத்தப்பட்ட விஷங்களின் பட்டியலில் சேர்த்தார்கள்.

இன்னொரு பக்கம் ஆய்வாளர்கள் விடவில்லை. வளை தோண்டுவதையே அளவோடு செய்ய முடியாதா என்று கேட்டார்கள். யேல் பல்கலைக்கழகத்தில் ஜெரால்ட் ஷுல்மன் குழு, டைநைட்ரோபீனாலை மெல்ல மெல்ல வெளிவிடும் ஒரு வடிவத்தை எலிகளுக்குக் கொடுத்து, கல்லீரல் கொழுப்பும் சர்க்கரையும் குறைவதை 2015இல் காட்டியது. உடம்புக்குள் போனபின் டைநைட்ரோபீனாலாக மாறும் எச்யூ6 என்ற முன்மருந்தைச் சுமார் 80 பேரிடம் எட்டு வாரம் சோதித்ததில் கல்லீரல் கொழுப்பு குறைந்ததாக 2023இல் வெளியானது.

வேறு சிலர் உடம்பிலேயே ஏற்கெனவே உள்ள ஓர் ஏற்பாட்டை நாடினார்கள். பச்சைக் குழந்தைக்குக் குளிரில் நடுக்கம் வராது. அதன் முதுகிலும் கழுத்திலும் உள்ள பழுப்புக் கொழுப்பு சூடு உண்டாக்குகிறது. அந்தக் கொழுப்பின் மைட்டோகாண்ட்ரியாவில் ஒரு புரதம் கரையைத் திறந்துவிடுகிறது. ஏரி மொழியில் சொன்னால் இது நண்டு வளை அல்ல, கலங்கல். தண்ணீர் மிஞ்சினால் ஒழுங்காக வழிவதற்கு நம் முன்னோர் கட்டிவைத்தது. வேண்டும்போது திறக்கும், பிறகு அடையும். பெரியவர்களிடமும் இந்தக் கொழுப்பு வேலை செய்கிறது என்று 2009இல் மூன்று ஆய்வுகள் ஒரே இதழில் வந்தன. சிறுநீர்ப்பைக் கோளாறுக்குக் கொடுக்கும் மிராபெக்ரான் என்ற மருந்தை வழக்கமான 50 மில்லிகிராமுக்குப் பதில் 200 கொடுத்தபோது பழுப்புக் கொழுப்பு விழித்துக்கொண்டது. ஓய்வில் எரிவது நாளுக்கு 200 கலோரி போலக் கூடியது. 2015இல் வந்த முடிவு இது. அந்த அளவில் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் சேர்ந்தே ஏறின.

இந்த ஆய்வுகளை எல்லாம் முதலாளியச் சதி என்று தள்ளிவிடும் இடதுசாரிச் சோம்பல் எனக்கு உடன்பாடில்லை. தேவை நிஜமானது. காஞ்சிபுரத்தில் ஒல்லியான நெசவாளிக்குச் சர்க்கரை வருகிறது. ஏன் என்பதற்கு புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாக்னிக்கின் ஆய்வுகள் ஒரு விடை தருகின்றன. 2004இல் அவரும் ஆங்கிலேய நண்பர் யூட்கினும் தங்களையே உதாரணமாக வைத்தார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு ஒன்றே, 22.3. உடல் கொழுப்போ ஆங்கிலேயருக்கு 9.1 சதவீதம், இந்தியருக்கு 21.2. பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. புனே கிராமத்துக் குழந்தைகள் இங்கிலாந்துக் குழந்தைகளைவிடக் கிட்டத்தட்ட 800 கிராம் குறைவாகப் பிறந்தன. தசை குறைந்திருந்த அளவுக்குத் தோலடிக் கொழுப்பு குறையவில்லை. கருவிலேயே பட்டினிக்குப் பழகிய உடல் சேமிக்கக் கற்றுக்கொள்கிறது. 1877இன் ஒரு பவுண்டுக்கும் இதற்கும் நேர்க்கோடு போட நான் துணிய மாட்டேன். ஆனால் பசியை வரலாறாகக் கொண்ட ஒரு சமூகத்தின் உடம்பிடம் போய் 'நீ மந்தம், உன்னை எரி' என்று சொல்வதில் இருக்கும் குரூரத்தையாவது உணர வேண்டும்.

7

அந்தப் பையன் காட்டிய டப்பாவில் டைநைட்ரோபீனால் இல்லை, அதாவது எழுதியிருக்கவில்லை. காஃபின், பச்சைத் தேயிலை, பிறகு ஒரு பெயர்: கோலியஸ். நம் மருந்துக் கூர்க்கன் கிழங்கு. சேலம், ஆத்தூர் பக்கம் ஒப்பந்தச் சாகுபடியாக விளைகிறது. கிழங்கில் அரை சதவீத அளவே இருக்கும் போர்ஸ்கோலின் என்ற பொருளை 1970களில் இந்திய ஆய்வகங்களில்தான் பிரித்தெடுத்தார்கள்; பம்பாயில் ஹெக்ஸ்ட் ஆய்வு மையம், லக்னோவில் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம். உயிரணுவுக்குள் ஒரு சமிக்ஞையைத் தூண்டும் வேதிப்பொருளாக உலக ஆய்வுக்கூடங்கள் அதை மதிக்கின்றன. கண்ணாடிக் குடுவையில் கொழுப்பணுக்களை அது கரைய வைக்கிறது என்பதும் உண்மை. குடுவையிலிருந்து விளம்பரத்துக்கு ஒரே தாவல். 2005இல் 30 ஆண்களிடம் 12 வாரம் நடந்த ஆய்வில் கொழுப்பின் விகிதம் கொஞ்சம் குறைந்தது, எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அதே ஆண்டில் 23 பெண்களிடம் நடந்ததில் எடை குறையவில்லை. டப்பாவின் விலைக்கும் கிழங்கு தோண்டியவருக்குக் கிடைத்த விலைக்கும் உள்ள தூரத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

2025இல் மார்ச் மாதம் மவுஞ்சாரோவும் ஜூனில் வீகோவியும் இந்தியச் சந்தைக்கு வந்தன. இவை எரிப்பைக் கூட்டுபவை அல்ல, பசியைத் தணிப்பவை. ஏரி மொழியில் வரத்துக் கால்வாயைக் குறுக்குபவை. முறையான பெரிய சோதனைகளைத் தாண்டி வந்தவை, மருத்துவர் கண்காணிப்பில் பலருக்கு உதவுபவை. ஆனால் வந்தபோது அவற்றின் விலை மாதத்துக்கு ஆயிரங்களில் இருந்தது. தறிக்கூலி வாங்குபவருக்கு அது எட்டாது. எட்டாத இடத்தில்தான் டப்பாக்காரன் நுழைகிறான், அவனுக்குப் பின்னால் மஞ்சள் பொடிக்காரனும்.

நம் விமரிசன மரபில் உடலைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. ஃபூக்கோவை வாசித்தோம்; அதிகாரம் உடலை எப்படி ஒழுங்குபடுத்துகிறது என்று எழுதினோம். அந்த எழுத்தில் பெரும்பாலும் உடலுக்குச் சூடு இல்லை, சிறுநீர் இல்லை, புரை விழுந்த கண் இல்லை. சொல்லாடலில் கட்டமைக்கப்பட்ட உடல் வெயிலில் 41 டிகிரியைத் தாண்டினால் செத்துப்போகக்கூடும் என்பதையும் கோட்பாடு கணக்கில் எடுத்தாக வேண்டும்.

செய்யக்கூடியவை உண்டு. ஜிம்களில் விற்கும் டப்பாக்களில் என்ன இருக்கிறது என்று சோதித்துச் சொல்லும் பொறுப்பை உணவுப் பாதுகாப்புத் துறையிடம் கேட்டு வாங்க வேண்டும். பெயரில்லாத மஞ்சள் பொடியை 'எரிக்கும்' என்று யார் கொடுத்தாலும் தொடக்கூடாது என்று நம் பிள்ளைகளுக்குக் காரணத்தோடு சொல்ல வேண்டும். பயமுறுத்திச் சொன்னால் கேட்க மாட்டார்கள், கரையும் வளையும் என்று சொன்னால் புரிந்துகொள்கிறார்கள். சாய ஆலைகளில் நைட்ரோபீனால்களோடு வேலை செய்பவர்களின் உடல்நலப் பதிவேடுகளைத் தொழிற்சங்கங்கள் பார்க்கக் கேட்க வேண்டும். 1918இல் அந்தப் பதிவேடுகளை முழுதாகப் படித்திருந்தால் 1933இல் மாத்திரை வந்திருக்காது. அடுத்த மாத்திரை வரும்போது, அதற்கு முன்பே எந்த ஆலையில், யாருடைய உடம்பில் அது சூடாகப் பதிவாகியிருக்கிறது என்று தேடிப் பார்ப்பதிலிருந்து நம் வாசிப்பு தொடங்கட்டும்.